பெரம்பூர் நிறுத்தம்

மேபல் மிஸ்ஸிடம் நெவில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தான், அவன் அப்பாவின் பாட்டைத் தவிர. அந்தப் பாட்டை எடுத்தால் அவள் பியானோவை மூடிவிடுவாள்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்பா டெரிக் இறந்தபோது அவனுக்கு நடக்கத் தெரியாது. அப்பா என்று அவனிடம் இருந்தது ஓர் இசைத்தட்டுதான். பெரம்பூரில் ரயில்வேக்காரர்களின் நடன அரங்கில் ஜாஸ் வாசித்துவந்த குழு, இருந்த காலம் முழுவதிலும் பதிவு செய்த ஒரே தட்டு. அதில் டெரிக்கின் ட்ரம்பெட் தனியாக ஏறும். படிப்படியாக மேலே போய், உச்சிச் சுரம் விழ வேண்டிய இடத்தில் நின்றுவிடும். பியானோ மட்டும் தனியே நடந்துகொண்டிருக்கும். பிறகு ட்ரம்பெட் அடியிலிருந்து, காற்றும் ஒலியும் பாதிப் பாதியாகக் கலந்த ஒரு சுரத்தில் திரும்பி வரும்.

ஊரில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெரம்பூர் நிறுத்தம். வேப்பேரியில் கார் ஷெட்டில் கூடும் கல்லூரிக்காரர்கள், ஹோட்டல் பாரில் வாசிப்பவர்கள், சனிக்கிழமை சர்ச் ஹாலில் வாசிப்பவர்கள், யார் ஜாஸ் வாசித்தாலும் ஏறிப்போய் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். கேட்பவர்கள் கண்ணை மூடித் தலையசைப்பார்கள். "வண்டி நின்னுடுச்சு, இறங்குறவங்க இறங்கலாம்" என்று பின்வரிசையிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் கைதட்டல் இன்னும் பலமாகக் கிளம்பும்.

மறுநாள் நகரத்தின் ஜாஸ் பாரம்பரியத்துக்கு விழா. அந்தப் பழைய அரங்கிலேயே, எல்லாக் குழுக்களும். முடிவில் டெரிக்கின் பாட்டை அவர் மகன் வாசிக்க வேண்டும், தட்டில் பியானோ வாசித்த பெண் கூட வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் பெண் மேபல் மிஸ். அப்போது இருபது வயது. குழுவில் இப்போது உயிரோடு இருப்பது அவள் மட்டும்தான். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அரங்கத்துக்கு அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் அவள் வீடு. நெவில் மத்தியானம் ட்ரம்பெட்டோடு போனான். அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போஸ்டர்ல உங்க பேரைப் போட்டுட்டாங்க, மிஸ்."

"என்னைக் கேக்காம போட்டவங்களே வந்து வாசிக்கட்டும்."

"நான் அவ்வளவு மோசமாவா வாசிக்கிறேன்?"

"நல்லா வாசிக்கிறே. அதுதான் தொந்தரவு."

அவனுக்குப் புரியவில்லை. கதவருகிலேயே நின்றான்.

"சரி, நீங்க வரவேணாம். ஒண்ணு மட்டும் சொல்லிக்குடுங்க. நிறுத்திட்டுத் திரும்பி வர்றப்ப விழுற அந்த முதல் சுரம். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவைகூட வரல. உதட்டைத் தளர்த்திப் பார்த்தேன். மவுத்பீஸ் மாத்திப் பார்த்தேன். சுத்தமா வருது, காத்து கலக்க மாட்டேங்குது. அப்பா எப்படி வாசிச்சார்?"

மேபல் மிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கேஸ் சிலிண்டர் கீழே கிடக்கு. லிஃப்ட் வேலை செய்யல. தூக்கிட்டு வா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வேலை வாங்குங்க, மிஸ்."

"நடந்து வராதே. ஓடி வா."

இருபது வருடமாக அவள் சொன்னதைச் செய்து பழக்கம். கீழே போய் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமாகவே ஏறினான். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த ஓர் அம்மாள், "என்ன நெவில், கேஸ் ஏஜென்சில சேந்துட்டியா? எங்களுக்கும் ஒண்ணு புக் பண்ணிருக்கோம்" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது.

சிலிண்டரை இறக்கிவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். தண்ணீருக்குக் கை நீட்டினான். அந்தக் கையில் அவள் ட்ரம்பெட்டை வைத்தாள்.

"வாசி."

"மூச்சு... வாங்குது, மிஸ்..."

"வாங்கட்டும்."

அவள் பியானோவைத் திறந்து உட்கார்ந்தாள். அப்பாவின் பாட்டைத் தொடங்கினாள். அந்த விரல்களில் அந்தப் பாட்டைத் தட்டில் தவிர வேறெங்கும் அவன் கேட்டதில்லை. இப்போது இரண்டடி தூரத்தில்.

ட்ரம்பெட்டை உதட்டில் பொருத்தி ஏறினான். ஒவ்வொரு படிக்கும் விலா வலித்தது. அந்த இடம் வந்தது. மற்ற நாட்களில் அவன்தான் நிறுத்துவான். இன்று அதுவாக நின்றது. பியானோ தனியே நடக்க, தன் தொண்டைக்குள் விசில் மாதிரி ஏதோ இழுப்பது அவனுக்குக் கேட்டது. உச்சிச் சுரத்தை எட்டப் பார்த்தான், கிடைக்கவில்லை. கிடைத்தது அடியில் ஒன்று. காற்று பாதி, ஒலி பாதி.

நெவில் ட்ரம்பெட்டை இறக்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துடுச்சு! கேட்டீங்களா, மிஸ்? அதேதான்! அப்படியே அப்பா!"

"ஆமா. அதேதான்."

"சிலிண்டர் தூக்கினா வரும்னு யாருக்குத் தெரியும்!"

"உங்கப்பா சிலிண்டர் தூக்கல."

அவன் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தபடி நின்றான்.

"சானடோரியத்துலேர்ந்து நேரா வந்தார்" என்றாள். "ரெக்கார்டிங்குக்காக அன்னிக்கு மட்டும் வெளியே விட்டாங்க. காசம் முத்திப்போய் ஒரு பக்கத்து நுரையீரலே இல்லை. ஏறினார். மேல் சுரத்துக்கு மூச்சு இல்லாம நின்னுடுச்சு. கைக்குட்டையை வாயில அழுத்திக்கிட்டார். வருவார், வருவார்னு நான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன். மிச்சமிருந்த மூச்சுல கீழேயிருந்து வந்தார்."

நெவில் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மறுபடி எடுத்திருக்கலாமே."

"அவரும் அதைத்தான் கேட்டார். ரெக்கார்டிங் ஆளுக்கு அந்த நிறுத்தம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எந்திரிச்சு நின்னு கை தட்டினான். அவனைப் பார்த்து எல்லாரும் தட்டினாங்க."

"அப்பா?"

"சிரிச்சார். சிரிச்சா இருமல் வரும்னு பாதியில விட்டுட்டார்."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவன் குடித்தான்.

"ஏன் மிஸ் எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு அப்பான்னு வேற என்ன இருந்துச்சு?"

மூச்சு சீரானது.

"அந்த இடத்துல அவர் என்ன வாசிக்கறதா இருந்தார்?"

"தெரியாது."

"நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"பக்கத்துலதான் இருந்தேன். காத்துக்கிட்டிருந்தேன். வரல."

"அப்ப நாளைக்கு நான் என்ன பண்றது?"

மேபல் மிஸ் மறுபடி பியானோ முன் உட்கார்ந்தாள்.

"உனக்கு இப்ப மூச்சு வந்துடுச்சு. அந்த இடத்தைத் தாண்டு. என்ன வேணா வாசி, தப்பாக்கூட வாசி. தாண்டினா நாளைக்கு வந்து உக்கார்றேன்."

நெவில் எழுந்தான். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு ஏறினான். அந்த இடத்தில் உதடு மூடிக்கொண்டது. பியானோ தனியே நடந்தது. கீழேயிருந்து திரும்பி வந்தான்.

"மறுபடி."

இந்தத் தடவை எந்தச் சுரம் என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டான். இடம் வந்ததும் விரல்கள் சரியாக அழுத்தின. ஒலி வரவில்லை. கன்னம் இரண்டும் காற்றில் புடைத்திருந்தன.

"மறுபடி."

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். காலைத் தரையில் உதைத்து வாசித்தான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசித்தான். அறையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் நிற்காமல் வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தனியாகக் கடந்தாள்.

கடைசியில் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நெஞ்சு நிறைய மூச்சு இருக்கு, மிஸ். அங்கே வந்தா நின்னுடுது."

அடுத்த தெருவில் நாளைய விழாவுக்கு ஒத்திகை தொடங்கியிருந்தது. யாரோ சாக்ஸபோனில் படிப்படியாக ஏறினார்கள். மேலே போனார்கள். நிறுத்தினார்கள். அரங்கில் இருந்த நாலைந்து பேர் கை தட்டுவது கேட்டது.

மேபல் மிஸ் பியானோவை மூடினாள்.

"தொத்து வியாதின்னு டாக்டர் அன்னிக்கே சொன்னார்" என்றாள்.