முள்ளம்பன்றிக் குட்டியின் தவக்காலம்

மருதங்குளத்தின் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தவளை, ஆமை, முயல், மைனா என்று அறுபது குட்டிகளும் குஞ்சுகளும் அங்கே படித்தன. தலைமை ஆசிரியை ஒரு கொக்கு. பெயர் சிஸ்டர் ரெஜிஸ். சமையற்காரி ஒரு பெருச்சாளி. பெயர் மிக்கேலம்மாள்.

குளக்கரையில் எல்லோரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் பள்ளிக்கூடம் செபத்தில் தொடங்கிச் செபத்தில் முடியும். நடுவில் சாப்பாடு. அந்த நடுப்பகுதி மட்டும் மிக்கேலம்மாளுடைய ராஜ்யம்.

நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால், சிலுவையில் சாமி சூடியதுபோல் கருவேல முள்ளால் பின்னிய முடி ஒன்றைச் செபமேடையில் வைப்பார்கள். தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சாமிக்காக விட்டுக்கொடுக்கிற பிள்ளை, மறுநாள் காலைச் செபத்தில் அந்த முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கலாம். குருத்து ஞாயிறு வருவதற்குள் முள் எல்லாம் போய், முடி மொட்டையாகக் கோயிலுக்குப் போகவேண்டும். தென்கரைப் பள்ளியின் முடியும் அன்றுதான் வரும். எந்த முடியில் முள் மிச்சமிருக்கிறது என்று ஊரே பார்க்கும்.

ஆமை தேன்மிட்டாயை விட்டது. முயல் மதியத் தூக்கத்தை விட்டது. மைனா மூன்று நாள் பொய் சொல்லாமல் இருந்தது. நாலாம் நாள் அதனால் முடியவில்லை.

அந்த வருஷம் அதிக முள் பிடுங்கியது செலின். இரண்டாம் வகுப்பு, முள்ளம்பன்றிக் குட்டி.

"செலின், நேற்று என்ன ஒறுத்தல் செய்தாய்?" என்று சிஸ்டர் கேட்பார்.

"மதியச் சாப்பாட்டை விட்டேன், சிஸ்டர்."

பிள்ளைகள் கைதட்டும். செலின் முன்னால் போய் ஒரு முள்ளைப் பிடுங்கும். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே கைதட்டல்.

மூன்றாம் வாரம் சாப்பாட்டு இடத்தைப் பெருக்கும்போது மிக்கேலம்மாளுக்கு ஒரு முள் கிடைத்தது. கருவேல முள் இல்லை. கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, முள்ளம்பன்றியின் முள். செலின் உட்காரும் இடத்தில் கிடந்தது. மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஒரு பிடி.

மிக்கேலம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பஞ்ச வருஷத்தில் அவளுடைய ரோமமும் இப்படித்தான் உதிர்ந்தது. பசி முதலில் வயிற்றைத் தின்னும், பிறகு முதுகுக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

தவளைப் பையன் எட்வினைக் கூப்பிட்டாள். செலினுக்குப் பக்கத்து இலை அவனுடையது. மூன்று வாரத்தில் கழுத்தே தெரியாமல் பருத்திருந்தான்.

"ஏன்டா, செலின் சோறு எங்கே போகுது?"

"எனக்குத்தான் வருது ஆயா. அவ குடுக்குறா. நான் வேண்டாம்னா அவளுக்கு மனசு கஷ்டப்படும்ல?"

"ரொம்ப நல்ல மனசுடா உனக்கு. அவ முதுகைப் பாத்தியா? முள்ளு கொட்டுது."

"அது அப்படித்தான் ஆயா. முடியிலிருந்து ஒண்ணு எடுத்தா அவ முதுகிலிருந்தும் ஒண்ணு போகுது. அவ புனிதை ஆயிட்டு வர்றா. நாங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுத்துப் புத்தகத்துல வெச்சிருக்கோம்."

தன் புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஞானோபதேசப் பாடத்துக்கு நடுவில் ஒரு முள் பத்திரமாக இருந்தது.

மிக்கேலம்மாள் அன்று கொட்டிக்கிழங்கைச் சுட்டு, தேன் தடவி, செலினிடம் தனியாகக் கொண்டுபோனாள். செலின் அதை முகர்ந்தது. மூக்கு நடுங்கியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வேண்டாம் ஆயா. முடியில இன்னும் பதினெட்டு முள் இருக்கு."

"யாருக்காக இப்படிப் பட்டினி கிடக்குறே, கண்ணு?"

செலின் கிழங்கை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டது. 

மிக்கேலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே சிஸ்டர் ரெஜிஸிடம் போனாள்.

"சிஸ்டர், செலின் சாப்பிடணும்."

"விருப்பப்பட்டுத்தானே விடுகிறாள், மிக்கேலம்மா? நான் ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை."

"பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் உபவாசக் கடமை இல்லைன்னு நீங்கதானே கோயில்ல வாசிச்சீங்க?"

கொக்கு ஒற்றைக் காலை மாற்றி நின்றது. "கடமை இல்லைதான். ஆனால் பக்தி கடமையைவிடப் பெரியது. உங்களுக்கு அடுப்புத் தெரியும். ஆன்மா வேறு காரியம்."

"ஆன்மாவை நான் பாத்ததில்லை சிஸ்டர். முதுகைப் பாத்தேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க."

"குருத்து ஞாயிறு முடியட்டும். பேசலாம்."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமே."

சிஸ்டர் ரெஜிஸ் தவறான ஆள் இல்லை. அறுபது பிள்ளைகளையும் மேடையில் நின்று பார்த்தே பழகியவர். மேடையிலிருந்து பார்த்தால் முகம் தெரியும், முதுகு தெரியாது.

மிக்கேலம்மாள் சமையற்கட்டுக்குத் திரும்பினாள். இன்றைக்கு இந்தப் பிள்ளையை வீடுவரை கொண்டுபோய் விடுவது, அதன் தாயைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு பானை கேழ்வரகுக் கூழைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டாள். பள்ளி விட்டதும் செலினின் பக்கத்தில் நடந்தாள். "நீங்க எதுக்கு ஆயா?" என்று செலின் கேட்டதற்கு, "உங்கம்மாவுக்குக் கூழு" என்றாள். அதை மட்டும் செலின் மறுக்கவில்லை.

வறண்ட ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு நரி குந்தியிருந்தது.

"வாங்க சமையக்காரம்மா" என்றது நரி. "பானை பாரமா இருக்கும். நீங்க திரும்பிடுங்க. பாப்பாவை நான் கொண்டுபோய் விடுறேன்."

"இவ முதுகுல முள்ளு இருக்கறது தெரியலையா உனக்கு?"

"இருந்துச்சு. போன மாசம் இவ வந்தா நான்தான் ஒதுங்கி நிப்பேன். இப்ப பாருங்க, நடுமுதுகுல ஒத்தையடிப் பாதை மாதிரி வழி விட்டிருக்கு. யாரோ எனக்காகச் செபம் பண்ணியிருக்காங்க."

செலின் முள்ளைச் சிலிர்த்துப் பார்த்தது. நாலைந்து முள் எழுந்தது. இரண்டு அப்படியே கீழே விழுந்தது.

 ஒரு பெருச்சாளி நரிக்கு இரண்டு வாய்க்குக் காணாது. ஆனாலும் அவள் செலினுக்கு முன்னால் வந்து பானையின் மூடியைத் திறந்தாள். ஆவி நரியின் மீசைவரை போனது.

"முப்பது வருஷமா அடுப்படியில நிக்கிறவ நான். எனக்குக் கை சுடாது. உனக்கு மூஞ்சி சுடும். ஒரு அடி எடுத்து வை."

நரி யோசித்தது. பிறகு மெதுவாக எழுந்து வழிவிட்டது.

"இன்னிக்குக் கூழு சூடா இருக்கு" என்றது. "தினமும் பானையைத் தூக்கிட்டு வருவீங்களா என்ன?"

ஓடையைத் தாண்டியதும் செலின் நின்றுவிட்டது. 

"அது என்னைத் தின்னிருந்தா அம்மா கால் சரியாயிருக்குமா ஆயா?"

மிக்கேலம்மாள் பானையைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றே?"

அப்போதுதான் செலின் சொன்னது. அறுவடை மாதத்தில் ஒருநாள் அம்மா திட்டினாள். செலினுக்குக் கோபம் வந்தது. 'நீ எங்கேயாவது போ, நீ எனக்கு வேண்டாம்' என்று கத்தியது. அன்று மாலையே கிழங்கு தோண்டப் போன அம்மாவின் கால் கம்பிக் கண்ணியில் மாட்டியது. எப்படியோ பிய்த்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து எழுந்து நடக்கவில்லை.

"நான்தான் போன்னு சொன்னேன். அதான் இப்படி ஆச்சு. முடியில ஒரு முள்ளும் இல்லாம எடுத்துட்டா சாமிக்கு என்மேல இருக்கற கோபம் போயிடும். அப்ப அம்மா நடப்பா."

 இல்லை என்று சொல்ல மிக்கேலம்மாளால் முடியும். ஆனால் அதைச் சொல்லவேண்டிய வாய் வேறு.

"வா" என்றாள். "இதை உங்கம்மாகிட்ட சொல்லு."

"மாட்டேன்."

"நான் பக்கத்துல இருக்கேன். வா."

முள்ளம்பன்றியின் வளைக்குள் இருட்டு. தாய் ஒரு மூலையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அண்டை அயலார் கொண்டுவந்து போட்ட கிழங்கு பக்கத்தில் இருந்தது. பாதி செலினுக்கு என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். "பள்ளிக்கூடத்துலயே சாப்பிட்டேன்" என்று செலின் தினமும் சொல்லும். அந்த இருட்டில் தாய்க்குக் குரல்தான் தெரியும், உடம்பு தெரியாது.

"புள்ளையைத் தொட்டுப் பாருங்கம்மா" என்றாள் மிக்கேலம்மாள்.

தாயின் கை செலினின் முதுகில் கழுத்திலிருந்து கீழே இறங்கியது. நடுவழியில் நின்றது. அந்தக் கை அங்கேயே வெகுநேரம் இருந்தது.

செலின் எல்லாவற்றையும் சொல்லி அழுதது.

"இங்க பாரு" என்றாள் தாய். "நீ போன்னு சொல்லாட்டியும் அன்னிக்கு நான் போயிருப்பேன். ராத்திரிக்கு உனக்குக் கிழங்கு வேணும்ல? கோபத்துல புள்ளைங்க என்னென்னமோ சொல்லும். உன் வயசுல எங்கம்மாவை நரி தூக்கிட்டுப் போகணும்னு சொன்னவ நான். அவ நல்லாக் கிழவியாகித்தான் செத்தா. கண்ணி வெச்சவன் ஒரு மனுஷன். உனக்கு அதுல என்ன பங்கு?"

"அப்ப சாமிக்குக் கோபம் இல்லையா?"

"நான் சாமிகிட்ட தினமும் என்ன கேக்குறேன் தெரியுமா? என் புள்ள வயிறாரச் சாப்பிடணும். வேற ஒண்ணும் கேக்கலை. நீ அங்க சாப்பிடாம ஒண்ணு கேக்குறே. நான் இங்க படுத்துக்கிட்டு இதைக் கேக்குறேன். பாவம், அவரு யார் பேச்சைக் கேப்பாரு?"

செலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

"அம்மா பேச்சைத்தான்" என்றது.

மிக்கேலம்மாள் பானையை நடுவில் வைத்தாள். தாய் ஒரு வாய் குடித்துவிட்டுப் பிள்ளைக்கு நீட்டினாள். செலினால் மூன்று வாய்தான் முடிந்தது. மிக்கேலம்மாள் வற்புறுத்தவில்லை. சுருங்கிய வயிறு ஒரே நாளில் விரியாது.

மறுநாள் காலை அவள் ஓடைக்கே வந்து காத்திருந்து செலினைக் கூட்டிவந்தாள். செபத்தின்போது சமையற்கட்டுக்குத் திரும்பாமல், கையில் அகப்பையோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள்.

"செலின், நேற்று என்ன ஒறுத்தல்?"

"ஒண்ணும் இல்லை சிஸ்டர். சாப்பிட்டேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு தவளை தொண்டையைக் கனைத்தது. சிஸ்டர் ரெஜிஸ் மேடையிலிருந்து மிக்கேலம்மாளைப் பார்த்தார். மிக்கேலம்மாள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தேவைப்பட்டால் அந்த வேலையை விட்டுப் போகவும் அவள் தயாராக வந்திருந்தாள்.

கொக்கு மேடையை விட்டு இறங்கியது. நீண்ட கால்களால் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து செலினுக்குப் பின்னால் போய் நின்றது. வெயில் நேராக அந்தக் குட்டியின் முதுகில் விழுந்திருந்தது. சிஸ்டர் ரெஜிஸ் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை நாள் நான் என்ன விட்டாய் என்று கேட்டேன்" என்றார் கடைசியில்.  "ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அது என் பிழை."

பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இனிமேல் இந்தப் பள்ளியில் யாரும் சாப்பாட்டை விடக்கூடாது. முடியில் முள் மிச்சமிருந்தால் இருக்கட்டும். அப்படியே கோயிலுக்கு எடுத்துப் போவோம். செலின் அம்மாவுக்குப் பள்ளியிலிருந்தே சாப்பாடு போகும். செலினோடு தினமும் நானும் ஓடை தாண்டி வருவேன்."

சூடான கூழைக் கண்டால் நரியின் மூஞ்சிக்குப் பயம். கொக்கின் அலகைக் கண்டால் கண்ணுக்கும் பயம்.

மதியம் சிஸ்டர் ரெஜிஸ் ஓர் இலையை எடுத்துக்கொண்டு தரையில் செலினுக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் எட்வின் தன்னுடைய ஒரே இலையைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். செலின் ஒரு கவளம் எடுத்தது. மென்றது. இன்னொன்று எடுத்தது. பிறகு நிமிர்ந்து சமையற்கட்டைப் பார்த்தது.

"ஆயா, இன்னிக்கு உப்புக் கம்மி."

தன் சமையலில் யாராவது குறை சொன்னால் மிக்கேலம்மாளுக்குப் பொல்லாத கோபம் வரும். அன்று அவள் ஓடிப்போய் உப்பை எடுத்துவந்து வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பசித்திருக்கும் குழந்தையின் பக்தியைப் புகழும் முன், அது ஏன் பசித்திருக்கிறது என்று கேட்பதே அதன்மேல் அன்புள்ளவர்கள் செய்யவேண்டிய முதல் காரியம்.