மீன்கொத்தி இழுத்த நீலக் கண்ணாடி

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு. ஆறு கடலில் விழும் இடத்தில், வடகரையில், கொற்றி என்றொருத்தி கண்ணாடி உருக்கி வாழ்ந்தாள். ஆற்று மணலையும் உவர்மண்ணையும் உலையில் இட்டு, செம்புத் துருவைத் தூவி, மழை விட்ட வானம் போல ஒரு நீலத்தை எடுப்பாள். ஆனால் மணிக்குத் துளை போடுவதுதான் பெரும்பாடு. ஆறி இறுகிய கண்ணாடியைக் கல்முனையால் குடைய வேண்டும். பாதிக்குமேல் உடைந்துபோகும்.

அப்போது வடகரைக்கும் தென்கரைக்கும் தீராப் பகை. கொற்றியின் தம்பி அந்தச் சண்டையில்தான் மாண்டான். ஊரிலிருந்த இரும்பெல்லாம் அம்புமுனையாகப் போய்விட்டது. கீரை அறுக்கக்கூட அரிவாள் இல்லை.

ஒருநாள் தென்கரைத் தலைவன் அழிசி வெறுங்கையோடு உலைக்களத்துக்கு வந்தான்.

"தாயே, இரண்டு கரையும் அழுது ஓய்ந்துவிட்டது. மாசி நிலவன்று ஆற்றுமேட்டில் கூடி ஆயுதத்தைக் கீழே போடப் போகிறோம். ஆனால் எங்கள் கழுத்தில் சங்கு, உங்கள் கழுத்தில் குன்றிமணி. பார்த்ததும் கை தானாக வில்லுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அன்று எல்லார் கழுத்திலும் உன் நீல மணி மட்டும் கிடக்கட்டும். செய்து தருவாயா?"

கொற்றி அவனை நிமிர்ந்து பார்த்தாள். தம்பியைக் கொன்ற கரைக்காரன் இவன். ஆனால் இன்னொருத்தியின் தம்பி சாகக்கூடாதே!

"செய்கிறேன்" என்றாள்.

சொன்னாளே தவிர, வேலை ஓடவில்லை. குடையக் குடைய மணி உடைந்தது. விரலெல்லாம் கீறி ரத்தம் வழிய, ஒரு காலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே ஆற்றங்கரைச் சரிவில் ஒரு மீன்கொத்தி பொந்து குடைந்துகொண்டிருந்தது. அந்நாளில் மீன்கொத்தி வெறும் சாம்பல் நிறம்.

"மலைபோன்ற கரையில் நீ எப்படியடி இவ்வளவு நீளத் துளை போடுகிறாய்?" என்றாள் கொற்றி.

"கரை காய்ந்த பிறகா போடுவேன் அக்கா? மழையில் இளகியிருக்கும்போதே மூக்கை விட்டுவிடுவேன்."

கொற்றி துள்ளி எழுந்தாள். கண்ணாடியும் இளகுகிறதே, நெருப்பில்! உருகிய உருண்டையை எடுத்து மூங்கில் குச்சியைக் குத்தினாள், பற்றி எரிந்தது. எலும்பைக் குத்தினாள், வெடித்தது. இரும்பு இருந்தால் போதும். ஆனால் பகை தீராமல் அம்பை யார் தருவார்கள்? பகை தீர மணி வேண்டுமே!

மீன்கொத்தி உலையருகே பறந்து வந்தது.

"என் மூக்கு இருக்கிறது, அக்கா."

"கருகிப் போவாயடி!"

"போன மழையில் உங்கள் அம்பு ஒன்று குறிதப்பி என் பொந்தில் பாய்ந்தது. என் துணையும் குஞ்சுகளும் உள்ளேதான் இருந்தார்கள். இந்தப் பொந்திலும் பாய வேண்டுமா?"

கொற்றி பதில் சொல்லும் முன், அது பாய்ந்து தழல் உருண்டைக்குள் மூக்கைச் செருகியது. செருகிய மூக்கோடு ஆற்றை நோக்கிப் பறந்தது. பின்னாலேயே கண்ணாடி நீண்டது. நூலாக, நீல ஓடையாக, உள்ளே ஒரே துளையோடு நீண்டுகொண்டே போனது. கரை முடிந்த இடத்தில் மூக்கை உருவிக்கொண்டு, சூடு தாங்காமல் தலைகீழாக ஆற்றில் குதித்தது.

கொற்றி கழுத்தளவு நீரில் இறங்கித் தேடினாள். "வந்துவிடடி, வந்துவிடு" என்று வாய் அரற்றியது. சட்டென நீர் பிளந்து பறவை எழுந்தது. மூக்கு கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. வயிறு தணலாகச் சிவந்திருந்தது. முதுகு முழுக்கக் கொற்றியின் நீலம்! அப்படியோர் அழகை அந்த ஆறு அதுவரை கண்டதில்லை.

நீண்டு கிடந்த குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் புரட்டிச் சுட்டு எடுத்தாள். மணி மணியாக உருண்டது, ஒவ்வொன்றிலும் துளை. மாசி நிலவில் இரு கரையும் நீலம் அணிந்து நின்றன. யார் எவர் என்று தெரியாமல் முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கீழே போட்ட அம்புகளை அழிசியே சுமந்து வந்து உலையில் கொட்டினான். அந்த இரும்பில் கொற்றி நீண்ட கம்பி ஒன்றை அடித்தாள், இனி எந்தப் பறவையும் வேக வேண்டாம் என்று.

அன்று முதல்தான் மணிக்காரர்கள் கண்ணாடி இளகியிருக்கும்போதே கம்பியால் துளைத்து நூலாக இழுக்கிறார்கள். மீன்கொத்தியும் நீல முதுகோடு, முன்னே பார்க்காமல் பின்னே பார்க்காமல், தலைகீழாகத் தண்ணீரில் பாய்கிறது.