மூன்று சிஸ்டர்கள் கேட்ட ஒரே சந்தேகம்

கடைசியில் வரும் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையை முதலில் கேட்டபோது, இதில் வரும் நர்ஸ் கனகவல்லிதான் குற்றவாளி என்று நான் அடித்துச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே நூலகராக இருந்தவர் அருமைநாயகம். டாக்டர்கள் வந்தால் நாற்காலி தேடி ஓடும் மருத்துவமனை நூலகங்களில், நர்சுகள் வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போவது வழக்கம். இவர் அந்த வித்தியாசம் பார்க்காதவர். ஒரு நர்ஸ் சந்தேகம் கேட்டால், மருந்துக் கம்பெனித் தாளிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை வரை தேடிப் படித்து, அரைப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொடுப்பார். யார் என்ன கேட்டார்கள் என்று மூச்சு விடமாட்டார். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஆண்கள் வார்டிலிருந்து தவமணி சிஸ்டர் வந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். வார்டுக்குப் புது இன்சுலின் வந்திருந்தது. பழையதில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட், புதியதில் நூறு. கையில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சிலோ பழைய நாற்பதுக்கான கோடுகள். இதை எப்படி அளப்பது என்பது அவருடைய சந்தேகம்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியலையான்னு மேட்ரன் கேப்பாங்க சார். நான் கேட்டேன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன் சிஸ்டர்."

பழைய கோட்டைப் பார்த்து இருபது யூனிட் இழுத்தால் உள்ளே போவது ஐம்பது. ஆகவே புது மருந்துக்கு, நூறுக்கான கோடுகள் உள்ள ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மட்டுமே என்று எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை அதே வார்டிலிருந்து ஷமீமா வந்தார். வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள். அதே சந்தேகம், அதே வேண்டுகோள். அருமைநாயகம் அதே தாளை நகலெடுத்துக் கொடுத்தார். மூவரும் அன்றிலிருந்து சரியாக ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று எண்ணி, ஒருவருக்கொருவர் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை குழந்தைகள் வார்டிலிருந்து கனகவல்லி அந்த ஆண்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்தாள். திங்கட்கிழமை காலை, சங்கரபாண்டியன் என்ற தையல்காரருக்கு, புது இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நினைவு தப்பியது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குழறிப்போன பேச்சு மட்டும் சரியாகவே இல்லை.

விசாரணை நடந்தது. கனகவல்லிக்கு வேலை போயிற்று. புத்தகம் ஏதும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்க அவள் நூலகத்துக்கு வந்தாள்.

"தவமணி அக்கா எல்லாத்தையும் அழுதுகிட்டே சொன்னாங்க சார். மத்த ரெண்டு பேரும் உங்ககிட்டதான் கேட்டுக்கிட்டாங்களாம். எனக்கும் தெரியணும்னு உங்களுக்குத் தோணலையா?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சொல்லுங்கள். மூன்று நர்சுகள் தெரிந்துகொண்டதைப் பகிரவில்லை. கனகவல்லி கேட்கவில்லை. நூலகர் கொடுத்த வாக்கை மீறவில்லை. இவர்களில் தவறியவர் யார்?

விடை: சந்தேகம் கேட்கவே பயப்படும்படி வைத்திருந்த மேட்ரன்தான் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இந்த ஐவரில் தவறியவர் அருமைநாயகம். கனகவல்லிக்குச் சந்தேகமே வரவில்லை. வராத சந்தேகத்தை எப்படிக் கேட்பாள்? ஒரே வார்டில் மூன்று பேருக்கு இது தெரியவில்லை என்பதை அறிந்த ஒரே மனிதர் அவர்தான். மறைப்பதாக அவர் வாக்குக் கொடுத்தது பெயரை. பதிலை மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெயர் இல்லாமல் அந்த அரைப் பக்கத்தை வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். இந்த விடையை எனக்குச் சொன்னவரே அருமைநாயகம்தான். தவறு தன்னுடையது, கனகவல்லியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தாராம். நூலகருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.