பதினொன்று நாற்பதுக்கு வரும் ஆள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் பெனிட்டா, வயது இருபத்தேழு, ஸ்கூட்டரில் வருவார். தினமும் நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பார்.

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. பெயர் ஆவுடையப்பன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. மனுஷன் எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாவம். வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

"சார், என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க," என்றார் பெனிட்டா முதல் நாளே.

"அது மொற இல்ல டீச்சர்."

அன்று ஒவ்வொருவரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு வரியில் முடித்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து பி.பி. கால் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

"பி.பி. கால்னா, இன்னார்கிட்டதான் பேசணும்னு பேரைச் சொல்லி வெளியூருக்குப் புக் பண்ணுதது. அங்க வேற யாரு எடுத்தாலும் குடுக்க மாட்டோம். 'இன்னார் இருக்காகளா, கூப்பிடுங்க'ன்னு சொல்லி, அவுக வந்தப்பொறம்தான் லைனை இணைப்போம். பேரே சொல்லாம எவனாச்சும் புக் பண்ணுனான்னா, போனை வையுடேன்னுருவேன்."

வகுப்பே சிரித்தது. பெனிட்டா சிரிக்கவில்லை. கேட்டு வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஒரு பயிற்சி வந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைச் சர்வர் ஆக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் செய்து வைத்து, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் திறந்து பார்க்க வழி விட வேண்டும். வகுப்பிலிருந்து திறந்து பார்த்தாயிற்றா, வீட்டுக்குப் போனதும் வழியை அடைத்துவிட வேண்டும். சோதனைக்குத்தானே. எல்லோரும் அடைத்தார்கள், ஆவுடையப்பன் தவிர.

நாலாம் நாள் கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தார்.

"டீச்சர், வீட்டுக்கு ஆள் வருது."

யார், எந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து, எப்போது வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதைச் சர்வர் தானாகவே எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பேர். அதைத்தான் அவர் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார்.

"நான் அட்ரஸை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நாலு நாளைல முன்னூறு பேரு வந்திருக்கான். ஒருத்தன் அட்மின் எங்கங்கான், ஒருத்தன் பாஸ்வேர்டு எங்கங்கான். ஊரு பேரு பாத்தா, நான் மேப்புல கூடப் பாக்காத ஊரு."

"ஆள் இல்ல சார், மெஷின். வரிசையா எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கிட்டே போற புரோகிராம். எந்தக் கதவு பூட்டாம இருக்குன்னு பாக்கும். இன்னைக்கே அடைச்சிடுங்க."

"அடைச்சிருதேன்," என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடைக்கவில்லை. ரெண்டு வருஷமாகப் பால்காரரையும் கேஸ்காரரையும் தவிர அந்த வாசலில் யாரும் நின்றதில்லை. திருட்டுப் பயல்களாகவே இருந்தாலும் முன்னூறு பேர் வந்து தட்டியது அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. காலையில் பேப்பருக்கு முன்னால் லாக்கைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, வகுப்புக்கே சமோசா வாங்கி வந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரே ஒரு முகவரியை மட்டும் மஞ்சள் அடித்திருந்தார்.

"இது எந்த ஊருன்னு பாருங்க."

"நெதர்லாந்து."

"டெய்லி பதினொண்ணு நாப்பதுக்கு வருது. மத்தவன் மாதிரி அட்மினு, பாஸ்வேர்டுன்னு நோண்டல. மொதப் பக்கத்தை மட்டும் பாக்குது, போயிருது. நம்ம பதினொண்ணு நாப்பது அங்க காலைல எட்டு பத்து." குரலைத் தாழ்த்தினார். "எம் மவ வடிவு அங்கதான் இருக்கா."

பெனிட்டா காகிதத்தைக் கீழே வைத்தார்.

ஆவுடையப்பன் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால் வடிவு தன் விருப்பத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். இந்த வாசப்படியை மிதிக்காதே என்று இவர் சொன்னார். அவள் மிதிக்கவில்லை. அப்பன் சொல்லை மகள் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அட்ரஸை அவங்களுக்கு அனுப்புனீங்களா சார்?"

"இல்ல. அவளும் கம்ப்யூட்டர் வேலைதான். கெட்டிக்காரி. தேடிக் கண்டுபிடிச்சிருப்பா."

"நீங்க செஞ்ச பக்கத்துல அவங்க அம்மா போட்டோ வச்சிருந்தீங்களே. ஆள் யாராச்சும் திறந்தா, போட்டோவைக் கேட்டதாவும் லாக்ல ஒரு வரி விழும். இதுல அது இல்லையே."

"அவ அம்மை மூஞ்சியைப் பாக்கத் தாங்காதுல்லா. அதான் அதுக்கு முன்ன மூடிட்டுப் போயிருதா."

"தினமும் அதே நிமிஷத்துல வருது. மனுஷங்க அப்படி வர மாட்டாங்க சார்."

"எம் மவ வருவா. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்கு மணியடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது உள்ள போவா, ஒரு நாள் தவறாது. எக்ஸ்சேஞ்சுக்காரன் ரத்தம்."

மனுஷனுக்கு மகள் வேண்டியிருந்தது. வேண்டும் என்று ஆகிவிட்டால் கம்பிக்கும் காது முளைக்கும், கணக்குக்கும் கை கால் முளைக்கும்.

"டீச்சர், சுத்தி வளைக்காதீங்க. இது எம் மவளா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்."

"அப்ப நான் சொல்லல. வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்புவாங்க. குளிர்காலத்துக்கு வருஷா வருஷம் செய்யறதுதான். அதுக்கப்புறம் அங்க எட்டு பத்துன்னா நமக்கு எத்தனை மணி?"

விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு நாப்பது."

"காபி குடிச்சுக்கிட்டே திறக்கிற ஆள்னா அவங்க கடிகாரத்தைப் பாத்துத் திறப்பாங்க. பன்னெண்டு நாப்பதுக்கு வரும். மெஷினுக்குக் குளிரும் கிடையாது, காபியும் கிடையாது. அது அதே பதினொண்ணு நாப்பதுக்கு வரும். திங்கக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வர்றேன்."

அந்த வாரம் அவருக்கு நகரவே இல்லை. புதன்கிழமை ஒட்டடை அடித்தார். வெள்ளிக்கிழமை மனைவியின் படத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் திரும்பும் நேரத்தில், அங்கே மகள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை பெனிட்டா பதினொன்றரைக்கு வந்தார். ஆவுடையப்பன் அவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் லாக் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட ஊர்க்காரனும் அட்மின் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு நாப்பதுக்கு வராது பாருங்க," என்றார்.

மணி பதினொன்று நாற்பது ஆனது. மஞ்சள் அடித்த அதே முகவரி ஒரு வரியாக வந்து விழுந்தது.

ஆவுடையப்பன் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"இன்னைக்குச் சீக்கிரமே எந்திரிச்சிருக்கா," என்றார். "அங்க இப்ப ஏழு பத்துதானே."

"ஆமா சார்."

"பன்னெண்டு நாப்பதுக்கும் பாத்துருவோமே."

"பாப்போம். எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். தெருவில் பழைய இரும்புக்காரர் போனார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பன்னிரண்டு நாற்பது வந்தது, போனது. பன்னிரண்டு ஐம்பதும் போனது. மூணு நாட்டுக்காரர்கள் வந்து பாஸ்வேர்டு கேட்டார்கள். நெதர்லாந்திலிருந்து யாரும் வரவில்லை.

மணி ஒன்று அடித்ததும் ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெஷினுதான்."

பெனிட்டா காலி காபித் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஒரு மாசமா ஒரு மெஷினுக்கு உக்காந்து குட்மார்னிங் சொல்லியிருக்கேன். வெக்கக்கேடு." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அவ வரல டீச்சர். அவ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

எழுந்துபோய் சர்வரின் சுவிட்சை அணைக்கக் கை வைத்தார். அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு வயர் போவதை அப்போதுதான் பெனிட்டா பார்த்தார். அது மனைவியின் படத்துக்குக் கீழே, ஒரு செல்போனில் போய் முடிந்தது.

"அது யார் போன் சார்?"

"அவளுது. எம் பொஞ்சாதியோடது."

"அவங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சுல்ல?"

"சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். மாசாமாசம் ரீசார்ஜும் பண்ணுதேன்."

"யாராச்சும் கூப்பிடுறாங்களா?"

ஆவுடையப்பன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாம வடிவு அவ அம்மைகிட்ட டெய்லி பேசுவா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி வாசல்ல போய் நின்னுக்கிடுவேன். எம் பொஞ்சாதி போனப்போ ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மவளுக்கு மட்டும் சொல்ல விடல. அன்னைக்கும் அந்தப் போன் அடிச்சுது. வடிவுன்னு பேர் வருது. கூடத்துல இவளைக் கிடத்தியிருக்கு, போன் அடிக்கி. எடுக்கல. எட்டு நாள் அடிச்சுது. லெச்சக்கணக்குல போன் காலை இணைச்ச கை டீச்சர் இது. அந்த ஒண்ணை எடுக்கல. யாரோ அவளுக்குச் சொல்லியிருப்பாவ போல. ஒம்பதாம் நாள் நின்னுட்டு."

திரையில் இன்னொரு வரி விழுந்தது. ரெண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை அடிச்சா எடுத்துருவேன். அதுக்குத்தான் சார்ஜு. அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கமும். போட்டோவைப் போட்டு, வழியைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். மூவாயிரம் பேரு வந்துட்டான். ஒருத்தன் எம் பேரைச் சொல்லிக் கேக்கல. நான் இன்னும் என்ன செய்யணும் டீச்சர்?"

பெனிட்டா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். லாக்கை மூடிவிட்டு அவர் செய்த பக்கத்தைத் திறந்தார். மனைவியின் படம் வந்தது. படத்துக்கு மேலே ஒரு தலைப்பு இருந்தது.

"படிங்க சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சோதனைப் பக்கம்."

"கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல."

பெனிட்டா எழுந்தார். ரூட்டரில் வெளியாட்களுக்குத் திறந்திருந்த வழியை அடைத்தார். வேலை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"சார், பி.பி. கால்ல பேரைச் சொல்ல வேண்டியது யாரு? எடுக்கிறவங்களா, புக் பண்றவங்களா?"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் ஓய்ந்தது. ஆவுடையப்பன் எழுந்து போய், மனைவியின் போனிலிருந்து சார்ஜரைக் கழற்றி, வடிவு என்ற பேரைத் தேடி எடுத்தார்.