பசித்தவர் வரிசை

முன்னொரு காலத்தில், மன்னர்களுக்குச் சண்டை குறைந்து சமையல் கூடிப்போன ஒரு நல்ல காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. ராஜாவின் குணம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தங்கமான மனுஷர். கோபம் வராது, வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடும். ஒரே ஒரு குறை. புதிதாக எதைக் கேள்விப்பட்டாலும் அதை உடனே தம் அரண்மனையில் நடத்திப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

அவருடைய சபையில் அம்பலவாணன் என்றொரு விகடகவி. ராஜா சிரித்தால் அம்பலவாணன் வீட்டில் அடுப்பு எரியும். அதே சிரிப்பைக் கேட்டுப் பிரதானி வீரகேசவருக்கு வயிறு எரியும். முப்பது வருஷமாக நாட்டை நிர்வகிக்கிற தன்னைப் பார்த்து ராஜா ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லையே என்று அவருக்குத் தீராத குறை. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

ஒருநாள் கப்பலில் வந்த வில்மட் என்ற ஆங்கில வியாபாரி சபைக்கு வந்தார். கண்ணாடிச் சாமான்களையெல்லாம் காட்டி முடித்த பிறகு, பேச்சு மொழியின் பக்கம் திரும்பியது. தமிழ் ஓரளவு பழகியிருந்த வில்மட் மெதுவாகச் சொன்னார்.

"மகாராஜா, எங்கள் ஊரில் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும்போது 'மனிதர்கள்' என்று சொல்வதே இல்லை. 'பெரிய' என்று மட்டும் சொல்வோம். வறிய, முதிய, சிறிய, பசித்த, எல்லாமே அப்படித்தான். குணத்தைச் சொன்னால் போதும், அந்தக் கூட்டம் முழுவதும் அதில் அடங்கிவிடும்."

"இதென்ன அதிசயம்? நம் சந்தையிலும் 'பெரிசா நாலு, சின்னதா ரெண்டு' என்றுதானே கேட்கிறோம்? கத்தரிக்காயின் பெயரை யார் சொல்கிறார்கள்?" என்றான் அம்பலவாணன்.

"அது காய்க்கு, அம்பலவாணா. மனிதருக்கும் செய்து பார்ப்போமே!" என்று ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். போச்சு, பிடித்துவிட்டது என்று சபைக்குத் தெரிந்துபோனது. "நாளை மறுநாள் நமது பிறந்தநாள் விருந்து. எப்போதும் கட்டியக்காரன் பெயரும் பட்டமும் கூவித்தானே ஒவ்வொருவரையும் அமர்த்துகிறான்? இம்முறை பெயரும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். மூன்றே வரிசை. பெரியவர், சிறியவர், பசித்தவர். அவரவர் குணப்படி அமரட்டும்!"

வீரகேசவர் மெல்ல எழுந்தார். "அற்புதமான யோசனை, பிரபு. யார் எந்த வரிசை என்று பிரிக்கும் பொறுப்பை, மனிதர்களை நன்கு எடைபோடத் தெரிந்த நமது விகடகவியிடமே ஒப்படைக்கலாம். ஆனால் பிறந்தநாள் அன்று மனக்கசப்பு கூடாது அல்லவா? 'என்னைத் தவறான வரிசையில் அமர்த்திவிட்டான்' என்று ஒருவர் முறையிட்டாலும், அம்பலவாணன் இந்நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா உற்சாகத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அம்பலவாணன் முகத்தைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? ராஜ வாக்கு.

அம்பலவாணன் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். சபையில் எண்பது பேர். ஒருவரைச் சிறியவர் வரிசையில் உட்காரவைத்தால் போதும், இலை விரிக்கும் முன்பே முறையீடு வந்துவிடும். ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டிப் பிழைக்க அவனுக்குப் பயமில்லை. ஆனால் மனைவி செங்கமலத்துக்கு ஏழாம் மாதம். இந்த நிலையில் அவளை எந்த வண்டியில் ஏற்றுவது, எந்த ஊர்ச் சத்திரத்தில் இறக்குவது?

விஷயத்தைக் கேட்ட செங்கமலம் உள்ளே போய்ப் பெட்டியில் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னடி, அதுக்குள்ள கிளம்பிட்டே?"

"அந்தப் பிரதானி சொன்னாருன்னா எல்லாத்தையும் யோசிச்சுதான் சொல்லியிருப்பாரு. கடைசி நேரத்துல தேட முடியுமா?" மடித்த புடவையைப் பெட்டியில் வைத்தபடியே அவள் முணுமுணுத்தாள். "பெரியவராம், சின்னவராம்! போன மாசம் எங்க அண்ணன் கல்யாணத்துல என்ன ஆச்சு? ரெண்டு சித்தப்பாவும், மூத்தவரு கை வைக்கட்டும், மூத்தவரு கை வைக்கட்டும்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. சாம்பாரு ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு. எனக்குப் பசி காதை அடைச்சுது. சமையல்கட்டுக்குப் போயி வண்டிக்காரங்களோட உக்காந்து தின்னுட்டு வந்தேன்."

அம்பலவாணன் தலை நிமிர்ந்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"பெட்டிய அடுக்காதே" என்றான்.

"நீங்க அரண்மனையிலிருந்து திரும்பி வந்ததும் பார்த்துக்கலாம்" என்று அவள் அடுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

விருந்து நாள் வந்தது. போஜன சாலையில் மூன்று வரிசையாக வாழையிலைகள். முதல் வரிசைக்குப் பட்டுப்பாய், மற்ற இரண்டுக்கும் கோரைப்பாய். வாசலில் அம்பலவாணன் கைகட்டி நின்றான். ஒவ்வொருவர் வரும்போதும் பணிவாக ஒரே கேள்விதான் கேட்டான்.

"தாங்கள் எந்த வரிசை, ஐயா?"

சேனாபதி மீசையைத் தடவிக்கொண்டு, "இதையும் கேட்க வேண்டுமா? பெரியவர்" என்றார். அரண்மனை வைத்தியர், பெரியவர். ஜோதிடர், பெரியவர். பண்டகசாலை மணியக்காரர் ஒரு கணம் தயங்கினார், பின்னால் சேனாபதியின் மைத்துனர் வருவதைப் பார்த்ததும் பெரியவர் ஆகிவிட்டார். பிரதானி பதிலே சொல்லாமல் நேரே பட்டுப்பாயில் போய் அமர்ந்தார். எண்பது பேரும் முதல் வரிசையில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள்.

சிறியவர் வரிசையில் அரண்மனைப் பூனை மட்டும் நடந்துபோனது. வேலையாட்களிடமும் அதே கேள்விதான். பசித்தவர் வரிசைக்குத் தண்ணீர் சுமக்கிறவர்களும் பல்லக்குத் தூக்கிகளும் வந்தார்கள். வில்மட்டும், "எனக்குப் பசிக்கிறது" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அவர்களோடு போய்ச் சம்மணம் போட முயன்றுகொண்டிருந்தார்.

பரிமாறினார்கள். பொன்னிறமாக வடை, பருப்பு, நெய், முருங்கைக்காய்ச் சாம்பார். மணம் கூரையைத் தொட்டது. அப்போது அம்பலவாணன் நடுவில் வந்து வணங்கினான்.

"அரண்மனைப் பந்தி வழக்கம் தாங்கள் அறியாததல்ல. வரிசையில் உள்ள எல்லாரிலும் பெரியவர் முதலில் சோற்றில் கை வைக்க வேண்டும். பிறகே மற்றவர்கள். இன்று பெயரும் பட்டமும் இல்லையாதலால், அவர் யார் என்று கட்டியக்காரன் கூவ இயலாது. தாங்களே தொடங்கியருள வேண்டும்."

வீரகேசவரின் கை இலையை நோக்கிப் போனது.

"ஓகோ!" என்றார் சேனாபதி. "எங்கள் எல்லாரிலும் தாங்கள்தான் பெரியவரோ?"

"பிரதானி தொடங்கிவிட்டால் வழக்கு தீர்ந்தது" என்றான் அம்பலவாணன் வெகு அடக்கமாக. "அவருக்குச் சிறியவர்களான மற்ற எழுபத்தொன்பது பேரும் எழுந்து அடுத்த வரிசைக்குப் போகலாம். இலைகள் காலியாகத்தான் இருக்கின்றன."

எழுபத்தொன்பது ஜோடிக் கண்கள் பிரதானியின் விரல்களை முறைத்தன. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சேனாபதி கையை நீட்டினார், வைத்தியர் கனைத்தார். ஜோதிடர் நீட்டினார், ஊரே கனைத்தது. கடைசியில் எண்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு, நெய் உறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரே பசித்தவர் வரிசையில் பெரியவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள் இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வில்மட் ரசத்தில் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து, "அருமை" என்றார்.

அந்த நேரத்தில் ராஜா உள்ளே வந்தார். காலையிலிருந்து பிறந்தநாள் பூஜை. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எண்பது வாடிய முகங்களைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டறிந்தார். அவருடைய உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அம்பலவாணா, நாம் எந்த வரிசை?"

"தாங்களே சொல்லியருள வேண்டும், பிரபு. எல்லாரையும் அப்படித்தான் கேட்டேன்."

ராஜா முருங்கைக்காய் மணத்தை ஒருமுறை இழுத்து முகர்ந்தார். "உண்மையைச் சொன்னால், நமக்குக் கொடும்பசி" என்று சொல்லிவிட்டு, ஒரு பல்லக்குத் தூக்கிக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் நீர் வந்தது, வடையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்கு மேல் பட்டுப்பாயில் யார் இருப்பார்கள்? மணியக்காரர்தான் முதலில் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பசித்தவர்! நான் பசித்தவர்!" என்று சேனாபதி பின்னாலேயே வந்தார். வீரகேசவர் கடைசியாக வந்தார். இடம் தேடித் தவித்தவரை ஒரு தண்ணீர் சுமக்கிறவன், "இங்கன உக்காருங்க சாமி" என்று நகர்ந்து இடம் கொடுத்து, தன் அப்பளத்தில் பாதியையும் உடைத்து வைத்தான். பிரதானி தலை நிமிராமல் சாப்பிட்டார். அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கினார் என்று சமையற்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

"தவறான வரிசையில் அமர்த்திவிட்டான் என்று முறையிடுவோர் உண்டா?" என்று ராஜா கேட்டார். எல்லார் வாயிலும் சோறு.

ராஜா தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையை அம்பலவாணனுக்குப் போர்த்தினார். "வேறு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"ஒரு தூக்குப் பாயசம், பிரபு. இந்த யோசனையின் சொந்தக்காரி வீட்டில் இருக்கிறாள். அவளும் இதே வரிசைதான்."

பிற்பகலில் அம்பலவாணன் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிய பெட்டியின் மேலேயே செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் சால்வையைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள். எழுந்து, பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, அடியில் வைத்திருந்த இரண்டு கிண்ணங்களை வெளியே எடுத்தாள்.