கிரீச் என்ற பொத்தான்

தூத்துக்குடி வீடியோ கேம் கடையில் டெரன்ஸ்தான் ராஜா. சண்டை விளையாட்டில் அவன் விடும் நெருப்புப் பந்து மெதுவாக வரும், வேகமாக வரும், சமயத்தில் வருவதுபோல் போக்குக் காட்டி ஏய்க்கும்.

ஈரத்தரையில் ஷூவோடு நடந்தவனை, துடைத்துக்கொண்டிருந்த பியாட்ரிஸ் தடுத்தாள்.

"என் மூணு பந்துக்கும் தப்பிச்சுக் காட்டுக்கா. நானே துடைக்கேன்."

பியாட்ரிஸ் எதிரே உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடையே சிரித்தது. மெதுவான பந்துக்கு அவள் வீரன் குதித்தான். வேகமானதுக்கும் குதித்தான். பொய்ப் பந்துக்கு அசையவே இல்லை.

டெரன்ஸ் எழுந்தே விட்டான். "எப்படிக்கா?"

"பந்துக்கு ஒரு பொத்தான். தினம் அழுக்கெடுக்கவ நான்லா? மெதுவுக்கு டிக்குங்கும், வேகத்துக்கு டக்குங்கும், பொய்க்குக் கிரீச்சுங்கும்."

மாப்பை நீட்டினாள்.

"இதுவும் கிரீச்சுங்கும் தம்பி. ஆனா பொய் இல்ல, அழுத்தித் துடைங்க."