மூன்று இடத்தில் இலை போட்ட அணில்

ஒரு காட்டில் மழைக்காலம் பிறக்கிற சமயம். கூடு கட்டுகிறவர்களும் வளை தோண்டுகிறவர்களும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்தினார்கள், பிள்ளைகளே.

புளியமரத்து அணிலுக்கு அன்று விடிந்ததிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. போன மழையில் அதன் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு குட்டிகளும் நனைந்து நடுங்கின. அணில் தன் வாலால் வாசலை அடைத்துக்கொண்டு மழை விடும்வரை நின்றது. அடுத்த மழையும் அப்படியே வந்தால் குட்டிகள் தாங்குமா? இந்த மாநாட்டில் அதற்கு ஒரு வழி கிடைக்கும் என்று நம்பித்தான் வந்திருந்தது.

மரங்கொத்தி கட்டையைத் தட்டி அறிவித்தது.

"ஆலமரத்தடியில் மயிலார் பேசுகிறார்: 'வானம் தொடும் வீடு'. மூங்கில் புதரில் தூக்கணாங்குருவி: 'தொங்கும் கூட்டில் தனி அறை'. புற்றடியில் கரையான்: 'வெயிலிலும் குளிரும் வீடு'. வேலமரத்தடியில் புறா: 'என் கூடு விழுந்த கதை'. நாலு பேச்சும் ஒரே நேரத்தில்!"

"ஒரே நேரத்திலா?" அணில் நாலு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தது. "நான் எதை விடுகிறேனோ, அதில்தானே எனக்கு வேண்டியது இருக்கும்!"

பக்கத்தில் நின்ற முயல் சிரித்தது. "இதுக்குப் போய் இவ்வளவு கவலையா, அணிலக்கா? கூட்டம் எங்கே போகுதோ அங்கே போக வேண்டியதுதான். எல்லாரும் மயிலார்கிட்டேதான் ஓடுறாங்க."

"மயிலார் கூடு கட்டி நான் பார்த்ததே இல்லையே?"

"கட்டினா என்ன, கட்டாட்டி என்ன? தோகையைப் பாருக்கா, தோகையை!"

அணில் யோசித்தது. அதற்கு ஒரு தந்திரம் தோன்றியது. மூன்று அரச இலைகளைப் பறித்து வந்தது. ஆலமரத்தடியில் முன்வரிசையில் ஓர் இலை. மூங்கில் புதரில் ஓர் இலை. புற்றடியில் ஓர் இலை. மூன்று இடத்திலும் இடம் பிடித்தாயிற்று! 'விழுந்த கூட்டைப் பற்றிக் கேட்டு எனக்கு என்ன ஆகப் போகிறது?' என்று வேலமரத்துப் பக்கம் மட்டும் அது போகவே இல்லை.

பேச்சுகள் தொடங்கின. மயில் தொண்டையைச் செருமி, "வணக்கம்" என்றது. 'ஐயோ, மூங்கில் புதரில் என் இலை!' அணில் ஓடியது. தூக்கணாங்குருவி, "இதில் முக்கியமானது என்னவென்றால்" என்று ஆரம்பித்தது. 'ஐயோ, புற்றடியில் என் இலை!' மறுபடியும் ஓட்டம். அங்கே கரையான் பேசியது கொஞ்சமும் மண்டையில் ஏறவில்லை. மனசெல்லாம் ஆலமரத்தடியில் இருந்தது.

ஆலமரத்தடிக்குத் திரும்பி வந்து பார்த்தால், அதன் இடத்தில் முயல் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது.

"இங்கே ஓர் இலை போட்டிருந்தேனே!"

"அது உன் இலையாக்கா? மயிலார் பலகாரம் வெச்சிருக்கார்னு நினைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு!"

அணில் மூங்கில் புதருக்கு ஓடியது. அங்கே இலையைக் காற்று கொண்டு போயிருந்தது. புற்றடியில் அதன் இலையைக் கரையான்களே அரித்துவிட்டன. பாதிப் பகல் போய்விட்டது. ஒரு பேச்சையும் முழுதாகக் கேட்கவில்லை. வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அணிலுக்கு அழுகை முட்டியது. மூச்சு வாங்க, பக்கத்தில் இருந்த ஒரு நிழலில் போய் விழுந்தது.

அது வேலமரத்து நிழல். அங்கே புறாவும் ஓர் ஆமையும் மட்டுமே இருந்தன.

"பேச்சு கேட்கவா வந்தே?" என்று புறா ஆசையாகக் கேட்டது. "ஆமையண்ணன் நிழலுக்குத்தான் வந்தாராம். அவர் வீடு முதுகிலேயே இருக்கு."

ஆமை ஒரு கண்ணைத் திறந்து, "பேசும்மா, பேசு. எனக்குத் தூக்கம் நல்லா வருது" என்றது.

புறா சிரித்துவிட்டு அணிலைப் பார்த்தது. "சரி, உன் கூட்டில் எங்கே ஒழுகுது?"

அணில் திகைத்தது. காலையிலிருந்து எவரும் அதைக் கேட்கவில்லை. தன்னையே தான்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மேலே ஒழுகலை," என்று யோசித்து யோசித்துச் சொன்னது. "வாசல் வழியாத்தான் சாரல் அடிக்குது."

"வாசல் எந்தப் பக்கம்?"

"வடக்கே."

"என் முதல் கூட்டையும் அந்தப் பக்கம் பார்த்துக் கட்டினதாலேதான் விழுந்தது! மழைக்காற்று வடக்கேயிருந்துதானே வரும்? எனக்கு அது தெரிய ஒரு கூடு போச்சு. கேளு, சொல்றேன்."

அப்போது ஆலமரத்தடியில் பெரிய கைதட்டல். முயலின் குரல் வந்தது. "அக்கா! மயிலார் தோகை விரிக்கப் போறார்! முன்வரிசையில் இடம் இருக்கு, ஓடி வா!"

அணிலின் கால் ஒருமுறை துடித்தது. பிறகு அது வாலைச் சுருட்டி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டது.

"நீ சொல்லு, புறாவே."

பேச்சு முடிந்ததும் அணில் வேறெங்கும் நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு ஓடியது. வடக்கு வாசலைப் பனைநார் வைத்து இறுக அடைத்தது. தெற்கே புது வாசல் திறந்தது. கடைசி நாரைச் செருகும்போது முதல் துளி விழுந்தது. மழை கொட்டித் தீர்த்தது. உள்ளே இரண்டு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின. அணிலின் வாலுக்கு அன்று வேலையே இல்லை.

மறுநாள் காலையில் முயல் உடம்பெல்லாம் சேறாக வந்தது. "மயிலார் பேச்சு அமர்க்களம், அக்கா!"

"என்ன சொன்னார்?"

"அதுவா... தோகையை விரிச்சார் பாரு..." முயல் காதைச் சொறிந்தது. பிறகு காய்ந்து கிடந்த கூட்டை எட்டிப் பார்த்தது. "அடுத்த மாநாட்டில் எனக்கும் சேர்த்து இலை போட்டு வைக்கிறியாக்கா?"

"இலை வேண்டாம்," என்றது அணில். "உன் வளையில் எங்கே தண்ணி வருதுன்னு முதல்ல பார்த்துட்டு வா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

நீதி: தனக்கு எது வேண்டும் என்று அறிந்து போகிறவருக்கு ஒரு பேச்சே போதும், அறியாமல் ஓடுகிறவருக்கு நூறு பேச்சும் போதாது.